புகையில்லா நெருப்பும் புலப்படா நஞ்சும்: கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பயன்படுத்தும் முறை

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது பழமொழி. புகையைக் கண்டால் நெருப்பு இருக்கிறது என்று அறிந்து விழித்துக்கொள்வது உழவர் குடும்பங்களின் வழக்கம். ஆனால் புகையே இல்லாத நெருப்பும் உண்டு. சாம்பல் பூத்த கரிக் கங்குதான் அது. அதனால் கண் எரியாது, இருமல் வராது, வாடையும் அடிக்காது. இந்தக் காரணத்தாலேயே அதைத் தீங்கற்றது என்று நம்பி, குளிருக்கு அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவோர் பலர். அந்தக் கங்கிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு, உறங்குபவரை எழுப்பாமலேயே உயிரைப் போக்கிவிடக் கூடியது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் காலையில் இறந்து கிடந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில் தங்கிய கேரளத்தைச் சேர்ந்த 8 சுற்றுலாப் பயணிகள், காஸ் ஹீட்டர் எரிந்த அறையில் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். சமவெளியிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் இன்ஜின், மின்வெட்டின்போது திண்ணையில் ஓடும் ஜெனரேட்டர், கோழிக்குஞ்சுக் கொட்டகையின் கரிச்சட்டி, பிள்ளை பெற்றவளின் அறையில் வைக்கும் தணல், குளியலறையில் மாட்டிய காஸ் வெந்நீர்க் கருவி ஆகிய எல்லாமே இந்த வாயுவை உண்டாக்குபவை.

இந்த வாயுவை மூக்கால் அறிய முடியாது. அதை அறிந்து ஒலி எழுப்பும் சிறிய அலாரக் கருவிகள் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது, எந்த இடத்தில் அவற்றை நம்பக் கூடாது என்பதை ஒவ்வோர் உழவரும் அறிந்திருத்தல் நலம்.

வாயு உண்டாகும் விதம்

விறகு, கரி, பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் காஸ் ஆகிய எல்லா எரிபொருள்களிலும் கார்பன் உள்ளது. போதிய காற்று கிடைத்து நன்றாக எரிந்தால் கார்பன் முழுவதும் கரியமில வாயுவாக மாறும். காற்று குறைந்தால் எரிதல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

கரி அடுப்பில் காற்று நிறைய இருந்தாலும் இந்த வாயு உண்டாகும். அடியில் உண்டாகும் கரியமில வாயு, மேலே உள்ள செந்தணலின் ஊடே வரும்போது மீண்டும் கார்பனுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது. கரி நன்றாகப் பற்றியதும் கங்கின் மேல் சிறிய நீல நிறச் சுடர்கள் ஆடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நீலச் சுடர்தான் கார்பன் மோனாக்சைடு எரியும் சுடர். தணல் அடங்கி, சாம்பல் மூடி, நீலச் சுடர் மறைந்த பிறகு அந்த வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் கலக்கிறது. "கரி நன்றாகக் கனிந்துவிட்டது, இனி உள்ளே எடுத்து வரலாம்" என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

உடலில் என்ன நேருகிறது?

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்று உடல் முழுவதும் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைப் போல 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். எனவே காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும் சிறிது சிறிதாக இரத்தத்தில் இடம் பிடித்து, பிராணவாயுவுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. முதலில் பாதிக்கப்படுபவை மூளையும் இதயமும் ஆகும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, குழப்பம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவற்றைப் பித்தம், அசதி, உணவு ஒவ்வாமை என்று எண்ணி மீண்டும் படுத்துக்கொள்வதே வழக்கமாக நேரும் பிழை. கீழ்க்காணும் குறிகள் தென்பட்டால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும்.

1. ஒரே வீட்டில் பலருக்கும் ஒரே வேளையில் தலைவலியும் குமட்டலும் வருதல்.
2. காய்ச்சல் இல்லாமல் இவை வருதல்.
3. வெளியே வந்தால் தலைவலி குறைந்து, உள்ளே சென்றால் திரும்புதல்.
4. வீட்டு நாய், பூனை, கோழி முதலியவையும் சோர்ந்து போதல்.

கருவுற்ற பெண்கள், பச்சிளங் குழந்தைகள், முதியோர், இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளவர்கள் மற்றவர்களைவிட விரைவில் பாதிக்கப்படுவார்கள். வயிற்றில் உள்ள சிசுவின் இரத்தத்திலும் இந்த வாயு சேரும்.

பாட்டன் காலத்தில் ஆகாதது இன்று ஏன் ஆகிறது?

"எங்கள் பாட்டன் காலத்திலிருந்து குமுட்டி அடுப்பை உள்ளே வைத்துத்தான் குளிர் காய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. அன்று கூரை வேய்ந்த வீடும் நாட்டோட்டு வீடும் இருந்தன. ஓட்டின் இடுக்கு, சுவருக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி, பலகைக் கதவின் சந்து ஆகியவற்றின் வழியாகக் காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. இன்று கான்கிரீட் தளம், கண்ணாடிச் சன்னல், கொசு வராமல் அடைத்த துளைகள், இறுக்கமான கதவு என்று வீடு மாறிவிட்டது. நெருப்பு மாறவில்லை. அது எரியும் வீடுதான் மாறியிருக்கிறது. பழைய வழக்கத்தைப் புதிய வீட்டில் அப்படியே தொடர்வதுதான் ஆபத்துக்கு மூலகாரணம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 1,000 கன அடி. இந்த அறையின் காற்று மாறாமல் இருக்குமானால், சுமார் 15 கிராம் கரி கார்பன் மோனாக்சைடாக மாறினாலே, அறைக் காற்றில் அதன் அளவு ஏறக்குறைய 800 பி.பி.எம். ஆகிவிடும். 15 கிராம் என்பது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. சட்டியில் இடுவதோ ஒரு கிலோ, இரண்டு கிலோ.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பயறு வகைகளில் பூ உதிர்வதைத் தடுக்க என்.ஏ.ஏ. வளர்ச்சி ஊக்கியை 40 பி.பி.எம். அளவில் தெளிக்கும் உழவர்களுக்கு இந்த அளவு புதிதல்ல. காற்றில் 200 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடு இருந்தால் 2 முதல் 3 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். 400 பி.பி.எம். அளவில் 3 மணி நேரத்துக்குப் பின் உயிருக்கு ஆபத்து. 800 பி.பி.எம். அளவில் முக்கால் மணி நேரத்தில் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். 2 முதல் 3 மணி நேரத்தில் மரணம் நேரலாம். 1,600 பி.பி.எம். அளவில் ஒரு மணி நேரத்திலேயே உயிர் போகலாம். 12,800 பி.பி.எம். அளவில் ஒன்றிரண்டு நிமிடங்களே போதும். மூடிய இடத்தில் ஓடும் பெட்ரோல் இன்ஜின் உயிரைப் போக்கும் அளவை விரைவில் எட்டிவிடும்.

அலாரம் வேலை செய்யும் விதம்

வீட்டு அலாரங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு சிறிய மின்வேதிக் கலம் இருக்கும். கார்பன் மோனாக்சைடு அதன் மேல் பட்டதும் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். வாயு கூடினால் மின்னோட்டமும் கூடும். அதை அளந்து கருவி ஒலி எழுப்புகிறது.

அலாரம் வாயு பட்ட உடனே ஒலிக்காது. தீங்கு வாயுவின் அளவை மட்டுமின்றி, சுவாசித்த நேரத்தையும் பொறுத்தது என்பதால் இரண்டையும் கணக்கிட்டே அது ஒலிக்கிறது. ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரப்படி செய்த கருவி, 50 பி.பி.எம். அளவில் 60 முதல் 90 நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும். 100 பி.பி.எம். அளவில் 10 முதல் 40 நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும். 300 பி.பி.எம். ஆனால் 3 நிமிடங்களுக்குள் ஒலித்தாக வேண்டும். 30 பி.பி.எம். அளவில் 2 மணி நேரம் வரை ஒலிக்கக் கூடாது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். அலாரம் ஒலிக்கவில்லை என்பதால் காற்று முற்றிலும் தூயது என்று பொருளல்ல. கருவுற்ற பெண்ணும் இதய நோயாளியும் உள்ள வீட்டில் குறைந்த அளவு வாயுவும் தொடர்ந்து இருத்தல் ஆகாது. தவிர, அலாரம் வாயுவை வெளியேற்றுவதில்லை, அறிவிக்கிறது. களவு போகாமலிருக்க முதலில் கதவைத் தாழிட வேண்டும். நாய் அதன் பிறகுதான். அதுபோல, நெருப்பையும் இன்ஜினையும் வெளியே வைப்பது முதல் காவல். அலாரம் இரண்டாம் காவல். அலாரம் இருக்கிறது என்ற துணிவில் கரிச்சட்டியை உள்ளே கொண்டுவருவது, நாய் இருக்கிறது என்று கதவைத் திறந்து போடுவதற்கு ஒப்பாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. சமையல் காஸ் கசிவைக் காட்டும் அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, புகை அலாரம் வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. பெட்டியின் மேல் கார்பன் மோனாக்சைடு என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

2. ஈ.என். 50291 அல்லது யு.எல். 2034 என்ற தரக் குறியீடு உள்ள கருவியே ஏற்றது. எண்கள் மின்னும் முகப்பு மட்டும் இருந்து, தரக் குறியீடு எதுவும் இல்லாத மலிவுக் கருவியை நம்புதல் கூடாது.

3. பாட்டரியில் இயங்குவதாகவோ, மின்சாரத்துடன் பாட்டரியும் உள்ளதாகவோ இருக்க வேண்டும். கிராமத்தில் ஜெனரேட்டரை ஓட்டுவது மின்சாரம் போன வேளையில்தான். மின்சாரத்தில் மட்டுமே இயங்கும் அலாரம், தேவையான அந்த வேளையில் செயலற்றுக் கிடக்கும்.

4. தயாரித்த தேதியையும், எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற குறிப்பையும் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள கலத்தின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டுகள். கடையில் பல ஆண்டு தூங்கிய சரக்கு விதை நெல்லைப் போலவே வீரியம் குறைந்திருக்கும்.

எங்கே வைப்பது?

கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசானது. ஏறக்குறையக் காற்றின் எடையே உள்ளதால் அறை முழுவதும் பரவிக் கலந்துவிடும். சமையல் காஸ் போலத் தரையில் தங்குவதில்லை. ஆகவே தரையோரம் வைக்க வேண்டும் என்றோ, கூரையில்தான் மாட்ட வேண்டும் என்றோ விதி இல்லை. கருவியுடன் வரும் குறிப்பில் கூறியபடி வைத்தல் முறை.

முதல் அலாரம் படுக்கும் அறைக்கே உரியது. விழித்திருப்பவர் தலைவலியை உணர்ந்து வெளியேறலாம்; உறங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படுப்பவர் மூச்சுவிடும் உயரத்தை ஒட்டி வைத்தல் நல்லது. பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்களில் தாழ்வான பலகையிலோ, முக்காலியிலோ, குழந்தைகள் கைபடாதபடி வைக்கலாம். மேலே துணியோ, போர்வையோ விழக் கூடாது. அலமாரிக்குள்ளும், திரைக்குப் பின்னும், காற்றாடாத மூலையிலும் வைத்தால் பயனில்லை. மின்விசிறிக்கு நேர் கீழேயும் சன்னல் ஓரத்திலும் வைத்தால் உள்ள அளவு சரியாகத் தெரியாது.

விறகடுப்பு எரியும் சமையற்கட்டில் வைக்கக் கூடாது. அடுப்பு மூட்டும் ஒவ்வொரு வேளையும் அது கத்தும். இரண்டு நாளில் வீட்டார் பாட்டரியைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் சமைக்கும்போது படுக்கை அறையில் உள்ள அலாரம் ஒலித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. சமையற்கட்டுப் புகை வெளியேற வழியில்லை என்பதையே அது சொல்கிறது. புகைபோக்கியில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

குளியலறையின் நீராவி கருவியைக் கெடுக்கும். அங்கே காஸ் வெந்நீர்க் கருவி இருந்தால் அலாரத்தை மாட்டுவது தீர்வாகாது. கருவியையே குளியலறைக்கு வெளியே மாற்றி அமைக்க வேண்டும். வீட்டு அலாரங்கள் பலவும் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரையிலேயே சரியாக இயங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அந்த அளவைத் தாண்டிவிடும். வெயில் காயும் சுவரிலும், தகரத்தை ஒட்டியும் மாட்ட வேண்டாம்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை பாட்டரியும் ஒலிப்பானும் இயங்குவதைக் காட்டுமே தவிர, ஆயுள் முடிந்த கலத்துக்கு உயிர் கொடுக்காது. குறித்த ஆண்டு வந்ததும் கருவியை மாற்றிவிட வேண்டும். மாதம் ஒரு முறை உலர்ந்த துணியால் தூசியையும் சிலந்தி வலையையும் துடைக்கலாம். சோப்பு நீர், பெயின்ட், கொசு மருந்து, பூச்சிமருந்துத் தெளிப்பு எதுவும் அதன் மேல் படக் கூடாது.

அவ்வப்போது ஒரு முறை மட்டும் கீச்சென்று ஒலித்தால் பாட்டரி தீரப்போகிறது என்றோ, கருவியின் ஆயுள் முடிகிறது என்றோ பொருள். தொடர்ந்து அடுத்தடுத்து உரக்க ஒலித்தால் அது வாயு எச்சரிக்கை. இரண்டு ஒலிகளின் வேறுபாட்டை வாங்கிய அன்றே வீட்டில் உள்ள பெரியவர், சிறியவர் அனைவருக்கும் கேட்கச் செய்து பழக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பாட்டரி மின்னேற்றம் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவாலும், சாராய ஆவியாலும் சில வேளை அலாரம் ஒலிப்பதுண்டு. இன்வெர்ட்டரைக் காற்றாடும் இடத்தில், படுக்கை அறைக்கு வெளியே வைத்தால் இந்தத் தொல்லை நீங்கும். ஆயினும் காரணம் தெரியும் வரை ஒவ்வொரு ஒலியையும் உண்மையான எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

அலாரம் ஒலித்தால்

1. உறங்குபவர்களை எழுப்பி, எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். துணி, நகை தேடி நிற்கக் கூடாது.
2. போகும் வழியில் உள்ள கதவு, சன்னல்களைத் திறந்துவிடலாம். அதற்காக உள்ளே தங்கக் கூடாது.
3. வெளியே வந்ததும் தலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.
4. யாருக்கேனும் தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.
5. உள்ளே காற்று முழுவதும் மாறி, வாயுவின் காரணம் நீங்கும் வரை திரும்பக் கூடாது. ஒலியை நிறுத்தப் பாட்டரியைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்வது பெருந்தவறு.

ஜெனரேட்டர் ஓட்டும் வீடுகளுக்கு

2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீர்த் தொட்டி நிரப்பவும், கைபேசிக்கு மின்னேற்றவும் வாடகை ஜெனரேட்டர்களே உதவின. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வெளியிடும் கார்பன் மோனாக்சைடு, பல நூறு கார்கள் வெளியிடும் அளவுக்கு நிகர் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. மழைக்குப் பயந்தும் திருட்டுக்குப் பயந்தும் அதைத் திண்ணை, தாழ்வாரம், மோட்டார் அறை ஆகியவற்றில் வைத்து ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வாசலுக்கும் சன்னலுக்கும் எதிர்ப்புறம் பார்த்திருக்குமாறு வைக்க வேண்டும்.

கிணற்றுக்கு வீட்டு அலாரம் உதவாது

நிலத்தடி நீர் இறங்கிய பகுதிகளில் கிணற்றைத் தூர்வாரவும் ஆழப்படுத்தவும், தேங்கிய நீரை இறைக்க இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்குவது வழக்கம். தரைமேல் வைத்த பம்ப் சுமார் 20 முதல் 25 அடி ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதே இதற்குக் காரணம். ஓடும் இன்ஜினின் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கும். இன்ஜினை நிறுத்தவோ, டீசல் ஊற்றவோ இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் தம்பி விழுகிறார். அவருக்குப் பின் அண்டை வயல்காரர் இறங்குகிறார். ஒரே கிணற்றில் இரண்டு, மூன்று உயிர்கள் போவது இப்படித்தான்.

கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய பழக்கம். காற்றில் 21 விழுக்காடு உள்ள பிராணவாயு சுமார் 16 விழுக்காட்டுக்குக் குறைந்தால் விளக்கு அணையும். கரியமில வாயு தேங்கிய பழங்கிணற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடை விளக்கு காட்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கு வாயு இருந்தாலே மனிதன் இறந்துபோவான். விளக்கோ அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். எனவே இன்ஜின் ஓடிய கிணற்றிலும், பாறைக்கு வெடி வைத்த கிணற்றிலும் விளக்குச் சோதனையை நம்பி இறங்குவது தற்கொலைக்குச் சமம். சாண எரிவாயுக் கலன், சாக்கடைக் குழி போன்ற எரியும் வாயு உள்ள இடங்களில் விளக்கை இறக்கினால் தீப்பிடிக்கவும் கூடும்.

வீட்டு அலாரத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பதும் பயன் தராது. அது நேரம் எடுத்து ஒலிக்கும் கருவி. பிராணவாயுக் குறைவையும், கரியமில வாயுவையும், சாக்கடை வாயுவையும் அது அறியாது. பிராணவாயு, எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளக்கும் தனிக் கருவி இதற்கென உண்டு. அது இல்லாமல் இத்தகைய இடத்தில் யாரும் இறங்கக் கூடாது.

பாதுகாப்பான வழி, இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்காமல் இருப்பதே. நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி, ஜெனரேட்டரைக் கிணற்று வாயிலிருந்து தள்ளி, காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் பாசத்தால் குதிக்காமல், மேலிருந்தபடியே ஊதுவிசிறியால் நல்ல காற்றைச் செலுத்தி, 101 அல்லது 112 என்ற எண்ணில் தீயணைப்பு, மீட்புப் படையை அழைக்க வேண்டும். முன்னரே இடுப்பில் கயிறு கட்டி இறங்கியிருந்தால் மேலிருந்து இழுத்துவிடலாம்.

கோழிக் கொட்டகையும் பட்டுப்புழு மனையும்

கோழிக்குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. குளிர் நாளில் கொட்டகையைச் சுற்றிப் படுதா இறக்கி, உள்ளே கரிச்சட்டி வைக்கிறார்கள். இரவுக் காவலுக்குப் படுப்பவரும் அதே படுதாவுக்குள் படுக்கிறார். பட்டுப்புழு வளர்ப்பிலும், இளம்புழுக்களுக்குத் தேவையான 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்காகக் கரி அடுப்பை மனைக்குள் வைப்போர் உண்டு.

1890-களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்க விபத்துகளை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞர், கார்பன் மோனாக்சைடை அறியச் சிறு உயிரினங்களைச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லலாம் என்று பரிந்துரைத்தார். கேனரி என்ற சிறு பறவை இதற்குப் பயன்பட்டது. சிறு பறவைகள் வேகமாக மூச்சுவிடுவதால் மனிதனுக்கு முன்பே மயங்கும். 1986-இல்தான் பிரிட்டிஷ் சுரங்கங்களில் அதன் இடத்தில் மின்னணுக் கருவிகளை வைக்க முடிவாயிற்று. கொட்டகையில் உள்ள குஞ்சுகளும் அந்தப் பறவைக்கு ஒப்பானவையே. வெப்பம் சரியாக இருந்தும், கரிச்சட்டிக்கு அருகில் குஞ்சுகள் வாய் பிளந்தோ, துவண்டோ கிடந்தால் நோய் என்று எண்ணி மருந்து தேடுமுன் படுதாவைத் தூக்கிவிட்டு ஆள் வெளியே வந்துவிட வேண்டும்.

சிறு பண்ணையில் குஞ்சு ஒன்றுக்கு 1 முதல் 2 வாட் என்ற கணக்கில் மின்விளக்கு அமைத்து வெப்பம் தரலாம். மின்சாரம் இல்லாமல் கரியே வைக்க வேண்டிய நிலையில், கரியை வெளியில் பற்றவைத்து, படுதாவின் மேற்பகுதியைத் திறந்து வைத்து, ஆள் வேறிடத்தில் படுத்து, இடையிடையே வந்து பார்த்துச் செல்லுதல் வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் கரி எரியும் கொட்டகைக்குள் உறங்கக் கூடாது.

முதலுதவி

பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்த வேண்டும். மயங்கியிருப்பவர் வாயில் தண்ணீரோ, மோரோ, சோடாவோ ஊற்றக் கூடாது. மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர்கள் மார்பை அழுத்திச் செயற்கைச் சுவாசம் தர வேண்டும்.

வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய வாயுவில் பாதி வெளியேறவே சுமார் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது 1 முதல் 1½ மணி நேரமாகக் குறையும். எனவே தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருத்தல் ஆகாது. சிலருக்குச் சில நாள், சில வாரம் கழித்தும் மறதியும் தடுமாற்றமும் வரக்கூடும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை.

கொரோனா காலத்தில் பல வீடுகளில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கப்பட்டது. அதை இங்கே நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் பிராணவாயு ஏறிய இரத்தமாகவே எண்ணி அது 98 என்றும் காட்டும். "மூடிய அறையில் கரி எரிந்தது", "கிணற்றில் இன்ஜின் ஓடியது" என்பதை ஆம்புலன்சில் வருபவரிடமும் மருத்துவரிடமும் மறவாமல் கூற வேண்டும். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வார்த்தை பெரிதும் உதவும்.

குளிர் தொடங்குமுன் வீட்டையும் பண்ணையையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து, எங்கெங்கு கரியும் எண்ணெயும் மூடிய இடத்தில் எரிகின்றன என்று கணக்கெடுத்தல் வேண்டும். அவற்றை வெளியே மாற்ற ஆகும் செலவு சொற்பம். பல இடங்களில் செலவே இல்லை. அதைச் செய்து முடித்த பிறகு, படுக்கும் அறையில் தரமான அலாரம் ஒன்றை வைத்து, முறையாகப் பராமரித்தால் குடும்பம் அச்சமின்றி உறங்கலாம். குளிருக்குக் கங்கைவிட இன்னொரு கம்பளிப் போர்வையே மேலானது என்பதை உழவர் பெருமக்கள் நினைவில் கொள்வார்களாக.